இறந்தவை எழுபத்தாறு

வருடத்துக்கு நான்கு லட்சம் விதைகளை எண்ணுகிறவள் ரங்கநாயகி. வங்காளத் தலைநகரின் கஸ்பாப் பகுதியில், ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிற தனியார் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நெல், கடுகு, சணல், பாகல், பூசணி என்று எந்த விதை வந்தாலும் ஒரு மாதிரிக்கு நானூறு எண்ணி எடுக்க வேண்டும். ஈரக் காகிதத்தில் வரிசையாக அடுக்கி, முளைப்புப் பெட்டிக்குள் வைத்து, குறித்த நாளில் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல முளை எத்தனை, கோணல் முளை எத்தனை, இறந்தவை எத்தனை என்று விழுக்காடு போட்டுப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒருவன் விற்பான், இன்னொருவன் விதைப்பான்.

அதே நகரத்தின் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா தெற்கிலிருந்து ஆங்கிலேயர் கம்பெனி ஒன்றுக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அப்பா வங்கி அதிகாரி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. விதைகளை எண்ணும்போது மட்டும் வாய் தானாக வங்காளிக்குப் போய்விடும். ஏக், துய், தின் என்றுதான் எண்ண வரும்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது ஒருநாள் வகுப்பில் கேட்ட ஒரு செய்திதான் அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. நெல்லை எல்லோரும் விதை என்கிறோம். உமிக்குள் இருப்பது உண்மையில் ஒரு முழுக் கனி என்றார் பேராசிரியர். மாம்பழத்தில் தோலாகவும் சதையாகவும் கொட்டையின் ஓடாகவும் விரிந்து கிடக்கும் அதே கனிச்சுவர், நெல்லில் காகிதத்தைவிட மெல்லியதாகி உள்ளே இருக்கும் விதையோடு ஒட்டிப்போய்விட்டது. பிரிக்க முடியாது. அதற்குள் மாவு, மாவின் ஒரு மூலையில், கடுகில் கால்வாசி அளவுக்கு, ஒரு கரு. வேரும் இலையும் அதற்குள் மடிந்து கிடக்கின்றன.

அன்று மாலை ரங்கநாயகி சமையலறையில் அரிசி டின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு அரிசியின் முனையிலும் ஒரு சின்னப் பள்ளம். பிறந்ததிலிருந்து சாப்பிட்டும் அதைக் கவனித்ததில்லை. மில்லில் தீட்டும்போது கரு உதிர்ந்துபோன இடம் அது. அப்பா வங்கித் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது, வேண்டாம் என்றாள். அப்பாவின் பேச்சை அவள் மீறியது அந்த ஒருமுறைதான்.

கல்யாணமான பிறகும் மாறவில்லை. கரியாஹாட் சந்தையில் காய் வாங்கி வந்தால் அரிவதற்கு முன் எதையாவது பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். முளைவிட்ட தேங்காய்க்குள் பஞ்சுபோல இருக்கும் பூவைத் தெருவில் விற்பார்களே, அது பூவே இல்லை, ஓட்டுக்குள் இருக்கும் பருப்பை உறிஞ்சிக் குருத்துக்கு ஊட்டுகிற உறுப்பு என்று ஒருமுறை கணவர் நரசிம்மனிடம் விளக்கினாள். கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மட்டும் கேட்டார்.

இருபத்தொன்பது வருட வேலையில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு அறிக்கையும் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் நரசிம்மனிடம் சொல்லுவாள்.

போன ஜனவரியில்தான் அது நடந்தது. அறுவடை முடிந்து மாதிரிகள் குவிகிற காலம். மேஜையில் இடமில்லாமல் பைகளைத் தரையில் அடுக்கியிருந்தார்கள். அன்று நரசிம்மனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மூன்று மணிக்குள் மருத்துவமனைக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். இரண்டே காலுக்கு அவள் கையில் இருந்தது கடைசி மாதிரி: சுந்தரவனத்துத் தீவு ஒன்றிலிருந்து பெண்கள் குழு அனுப்பிய நெல். பதினான்காம் நாள் எண்ணிக்கை.

நானூறில் எண்பத்து நான்கு முளைத்திருந்தன. பன்னிரண்டு கோணல். மீதி முந்நூற்று நான்கும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

முளைக்காத விதை எல்லாம் இறந்த விதை இல்லை. ஒவ்வொன்றையும் இடுக்கியால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. செத்தது நசுங்கும், கூழாகக் கசியும், பூஞ்சை பிடித்திருக்கும். உயிருள்ளது கெட்டியாக எதிர்த்து நிற்கும். இதை அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்று கடிகாரத்தைப் பார்த்தாள். முந்நூற்று நான்கையும் அழுத்த அரைமணி நேரமாவது ஆகும். படிவத்தில் நல்ல முளை இருபத்தொன்று, கோணல் மூன்று, இறந்தவை எழுபத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

அறிக்கை போய்விட்டது. அவளும் மறந்துவிட்டாள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பெண் நிற்பதாகச் சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். கேனிங் லோக்கல் ரயிலில் வந்து பாலிகஞ்சில் இறங்கி, விலாசம் விசாரித்து நடந்தே வந்திருந்தாள். பெயர் அலோகா மண்டல். அந்தப் பெண்கள் குழுவின் தலைவி. வழக்கமாக விதை அனுப்பியவர்களை உள்ளே விடுவதில்லை. ஆனால் அவள் ரங்கநாயகி பெயரைச் சொல்லிக் கேட்டதால் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அலோகா சண்டை போட வரவில்லை. அறிக்கையை மடிப்புக் கலையாமல் பையிலிருந்து எடுத்து, கையெழுத்தைக் காட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ரங்கநாயகி.

"தீதி, ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்" என்று அக்கா முறை வைத்து வங்காளியில் சொன்னாள் அலோகா. "செத்ததுன்னு எழுதியிருக்கீங்களே. அதெல்லாம் அழுகியிருந்துச்சா?"

ரங்கநாயகிக்கு அந்தக் காகிதம் கண்முன் வந்தது. வரிசை வரிசையாக நெல். பூஞ்சையின் வெள்ளை நூல் எங்கும் இல்லை. கசிவின் கறையும் இல்லை. பதினான்கு நாள் ஈரத்தில் கிடந்தும் நேற்று வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தன. அன்றே கண்ணில் பட்டதுதான். பார்த்தும் பார்க்காததுபோல வந்திருக்கிறாள்.

அலோகா தொடர்ந்தாள். இரண்டு வருடம் முன்பு புயலில் கரை உடைந்து வயலெல்லாம் உப்புத் தண்ணீர். கடையில் வாங்கிய எந்த விதையும் அந்த மண்ணில் எழவில்லை. அவர்கள் பாட்டிமார் காலத்து நெல் ஒன்று, நோனா என்று சொல்வார்கள், அதுதான் நின்றது. நோனா என்றால் உப்பு. அறுபத்திரண்டு பெண்கள் சேர்ந்து அதைப் பெருக்கி நூற்றிருபது மூட்டை ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் அந்த விதையைக் கொடுக்க ஒரு நிவாரண அமைப்பு முன்வந்தது. முளைப்பு எண்பது விழுக்காடு இருந்தால் போதும் என்றார்கள். இருபத்தொன்று என்று வந்துவிட்டது. இனி மூட்டைகளை வைத்து என்ன செய்வது? வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போகிறது. அரைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"எனக்கு மட்டும் மனசு ஒப்பல. டிசம்பர்ல அறுத்துப் போட்டதும் மூணு நாள் மழை. பக்கத்து வயல்ல வேற நெல். அதெல்லாம் கட்டுலயே முளைச்சுப் போச்சு, கதிரெல்லாம் பச்சையா. எங்களது ஒண்ணுகூட முளைக்கல. முளைக்காதது நல்லதுன்னு அன்னிக்குச் சந்தோஷப்பட்டோம். இப்ப அதே முளைக்காததைச் செத்துப்போச்சுங்கறீங்க."

ரங்கநாயகி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அந்தப் பெண் சொன்னதிலேயே பதில் இருந்தது. சில நெல்வகைகள் அறுத்தவுடன் உறங்கப் போய்விடும். உமியும் அந்த மெல்லிய கனிச்சுவரும் சேர்ந்து கருவை அடக்கி வைக்கும். தண்ணீர் கிடைத்தாலும் எழவிடாது. மழைக்காலத்தில் விளைகிற நெல் கதிரிலேயே முளைத்து வீணாகாமல் இருப்பதற்கு அதுதான் காவல். இரண்டு மூன்று மாதம் காய்ந்து கிடந்தால் உறக்கம் தானே கலையும். இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாடமாகப் படித்தது, வேலையில் பலமுறை பார்த்தது. அறுவடை தேதியைக் கேட்டிருந்தால், ஒரே ஒரு விதையை இடுக்கியால் அழுத்தியிருந்தால் போதும்.

"அழுகியிருக்கல" என்றாள். "நான் சரியாப் பாக்கல. தப்பு என்னோடது."

அலோகா இதை எதிர்பார்க்கவில்லை. அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, அப்படியானால் மில்லுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன். அதுவரைக்கும் ஒரு மூட்டையும் நகர வேண்டாம்."

வந்த மாதிரியில் ஒரு பங்கைத் தனியே முத்திரையிட்டுக் காப்பு மாதிரியாக வைத்திருப்பது வழக்கம். அதிலிருந்து இருநூறு நெல்லை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டாள். மறுநாள் காலையில் உமியை நீக்கி, ஒவ்வொன்றையும் பிளேடால் கருவின் நடுவே நெடுக்காகப் பிளந்தாள். கை நடுங்கினால் கரு சிதைந்துவிடும் என்பதால் இடையிடையே நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டாள். பிளந்த பாதிகளை டெட்ரசோலியம் என்னும் மருந்துக் கரைசலில் போட்டு இருட்டுப் பெட்டியில் வைத்தாள். தண்ணீர்போல நிறமற்ற கரைசல் அது. உயிருள்ள திசு மூச்சுவிடும். அந்த மூச்சு பட்டால் மருந்து சிவப்பாகும். செத்த திசுவில் எதுவும் ஆகாது.

மூன்று மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்து லென்ஸுக்கடியில் வைத்தாள். வெள்ளை மாவின் மூலையில் சிவப்பு. குருத்து சிவப்பு, வேர் சிவப்பு, மாவை உறிஞ்சிக் கருவுக்குத் தரும் சின்னக் கேடயம்போன்ற பகுதியும் சிவப்பு. அடுத்தது. அதற்கடுத்தது. இருநூறில் நூற்றெண்பத்தெட்டு சிவந்திருந்தன. ரங்கநாயகி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அதே நூற்றெண்பத்தெட்டு.

உடனே அலோகாவுக்குப் போன் செய்தாள். "அரைக்காதீங்க. உயிரோட இருக்கு. தூங்கிண்டிருக்கு" என்றாள். கடைசி வார்த்தையை அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு வங்காளியில் திருப்பிச் சொன்னாள். மறுமுனையில் அலோகா யாரையோ சத்தமாகக் கூப்பிடுவது கேட்டது.

இனிமேல்தான் கடினமான பகுதி. மேலாளர் தத்தா கெட்டவர் இல்லை, பயந்தவர். நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். அந்தக் குழு புதிதாக விண்ணப்பிக்கட்டும், புது மாதிரி அனுப்பட்டும், புது எண்ணில் புது அறிக்கை கொடுப்போம். பழையதை யாரும் கிளற வேண்டாம். ஒரு அறிக்கையைத் திரும்பப் பெற்றால் அங்கீகாரம் கொடுப்பவர்கள் வந்து முப்பது வருடக் கோப்புகளையும் புரட்டுவார்கள் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிவாரண அமைப்பின் பட்டியல் பிப்ரவரி இருபத்தெட்டில் முடிகிறது. புது மாதிரி வந்து சேர்வதற்கே ஒரு வாரம் போய்விடும். பழைய அறிக்கையும் அவர்கள் கோப்பில் அப்படியே இருக்கும். இரண்டு காகிதம் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவார்கள்?

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்த நரசிம்மனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவசரப்பட்டது அவருக்காக என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவர் தேதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னை அழைச்சிண்டு வர ஓடி வந்த அன்னிக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்னன்னா சம்பந்தம்? அரைமணி நேரம் உங்களை அங்கேயே உக்கார வச்சிருக்கலாம். ஒண்ணும் ஆகியிருக்காது."

"சரி. இப்ப எதுக்குப் பயப்படறே? வேலைக்கா?"

"வேலை போகாது. பேருதான் போகும்."

நரசிம்மன் எழுந்து உட்கார்ந்தார். "இருபத்தொன்பது வருஷமா ஒரு தப்புகூட இல்லைன்னு சொல்லிண்டிருந்தே. இனிமே ஒண்ணுன்னு சொல்லு. அதுவும் ஒண்ணும் மோசமான கணக்கு இல்லையே" என்றார்.

வியாழக்கிழமை காலை தத்தாவின் மேஜையில் கடிதத்தை வைத்தாள். மாதிரியின் எண், தேதி. முளைக்காத விதைகளை அழுத்திப் பார்க்காமலே இறந்தவை என்று எழுதியது தன் தவறு. அறிக்கையைத் திரும்பப் பெற்று, காப்பு மாதிரியைக் கொண்டு மறுசோதனை செய்ய வேண்டும். கடிதத்தின் ஒரு பிரதியை நிவாரண அமைப்புக்கு அனுப்ப அனுமதி கேட்டிருந்தாள். தத்தா இரண்டு முறை படித்தார். அனுமதி தர மறுத்தால் என்ன செய்வீர்கள் என்றார். கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றாள். அவர் பெருமூச்சு விட்டு ஓரத்தில் கையெழுத்திட்டார். அப்புறம், விதைகளைச் சூட்டில் உலர்த்தும் அடுப்பு இன்றைக்குக் காலியாக இருக்கிறதா என்று அவரே விசாரித்தார்.

காப்பு மாதிரியிலிருந்து நானூறு நெல்லை ஐம்பது டிகிரி உலர் வெப்பத்தில் ஐந்து நாள் வைத்தார்கள். உறக்கத்தைக் கலைக்க அது ஒரு வழி. மூன்று மாதம் வெயிலில் கிடந்து ஆகவேண்டியதை ஐந்து நாளில் செய்து முடிப்பது. பிறகு ஈரக் காகிதம், முளைப்புப் பெட்டி. ரங்கநாயகி தினமும் வந்ததும் பெட்டியின் கண்ணாடிவழியே பார்ப்பாள்; திறக்க மாட்டாள். இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, நெல்லின் முனைகளில் உமியைப் பிளந்துகொண்டு வெள்ளைப் புள்ளிகள். அரிசி முனையில் பள்ளமாக மட்டுமே பலர் பார்த்திருக்கிற அந்த இடத்திலிருந்துதான் எல்லாம் வந்தன. ஐந்தாம் நாள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. காகிதம் கனத்தது.

இருபத்துமூன்றாம் தேதி அவள் எண்ணினாள். சரிபார்க்கத் தத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். முந்நூற்று அறுபத்தெட்டு நல்ல முளை. தொண்ணூற்றிரண்டு விழுக்காடு. முளைக்காதவை ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் நசுங்கின. அவை உண்மையிலேயே செத்தவை.

இருபத்தைந்தாம் தேதி நிவாரண அமைப்பு நோனா நெல்லைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நூற்றிருபது மூட்டையில் நூற்றுப் பத்து, நான்கு தீவுகளுக்குப் போயிற்று. பத்து மூட்டையைக் குழு தங்களுக்கென்று வைத்துக்கொண்டது.

ரங்கநாயகிக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதம் அறிக்கைகளில் கையெழுத்திடக் கூடாது, எண்ணலாம். அவள் எண்ணினாள்; வேறொருவர் கையெழுத்திட்டார். அவமானமாகத்தான் இருந்தது. சில நாட்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்காராமல் தனியே சாப்பிட்டாள். அங்கீகாரக் குழு வந்து பழைய கோப்புகளில் ஐம்பதை எடுத்துப் பார்த்தது. வேறு குறை எதுவும் கிடைக்கவில்லை. போகும்போது ஒரே ஒரு ஆலோசனை சொன்னார்கள்: மாதிரி வாங்கும் படிவத்தில் அறுவடை தேதிக்கு ஒரு கட்டம் வேண்டும். தத்தா அதை அந்த வாரமே அச்சிட்டுவிட்டார்.

அலோகா விடவில்லை. பூஜைப் பண்டிகை முடிந்ததும் கட்டாயம் வர வேண்டும் என்று நான்கு முறை போன் செய்தாள். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமல் பாலிகஞ்சில் கேனிங் லோக்கல் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் போய், பிறகு படகு பிடித்து, பத்து மணிக்குத் தீவில் இறங்கினாள் ரங்கநாயகி. கரையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நம்ம நெல்லை எழுப்பினவங்க இவங்கதான் என்று அலோகா அறிமுகம் செய்தாள். செத்ததாக எழுதியதும் இவள்தான் என்பதை அவள் சொல்லவில்லை. ரங்கநாயகியே சொன்னாள். பெண்கள் சிரித்துவிட்டு அவளை வரப்பில் நடத்திக் கூட்டிப்போனார்கள்.

ஆகஸ்டில் மறுபடியும் உப்புத் தண்ணீர் ஏறி ஒன்பது நாள் நின்றதாம். தாழ்வான மூலையில் பயிர் சற்றுக் குட்டையாக, சாம்பல் பூத்த பச்சையாக இருந்தது. ஆனால் நின்றிருந்தது. மற்ற நான்கு தீவுகளிலும் இப்படித்தான் என்றார்கள்.

அலோகா ஒரு கதிரை வளைத்துக் காட்டினாள். ரங்கநாயகி குனிந்தாள். கதிரின் கீழ்ப்பாதியில் உமிகள் மெல்லத் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் தூள் சுமந்த நூல்கள் காற்றில் ஆடின. நெற்பூ. காலையில் கொஞ்ச நேரம் திறந்து, மூடிக்கொண்டால் மறுபடி திறக்காது. அதே கதிரின் உச்சியில் பூத்து முடிந்து ஒரு வாரமாகிவிட்ட மணிகள். ஒன்றை அலோகா நகத்தால் கிள்ளினாள். பால் கசிந்தது. கனிச்சுவர் இன்னும் பச்சையாக, மிருதுவாக, உள்ளே இருப்பதோடு இறுகாமல் இருந்தது.

ரங்கநாயகி இத்தனை வருடத்தில் லட்சக்கணக்கான நெல்லைக் கையில் எடுத்திருக்கிறாள். எல்லாம் முற்றி, காய்ந்து, பையில் வந்தவை. நெல் பூத்து அவள் பார்த்ததே இல்லை. இதை அலோகாவிடம் சொன்னபோது, நிஜமாகவா தீதி என்று அவள் நம்பாமல் கேட்டாள். பிறகு சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு, நன்றாகப் பூத்திருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று சேற்றில் இறங்கினாள். ரங்கநாயகியும் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

இரண்டு மணிப் படகை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான் என்று கரையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். நாலரைக்கே போகிறேன் என்றாள் ரங்கநாயகி, தலையை நிமிர்த்தாமல்.